அஞ்சு வோல்ட்ல எட்டு கேட்டா

"அஞ்சு வோல்ட்டைக் குடுத்துட்டு எட்டு வோல்ட் கேட்டா, பாவம், அந்த ஐசி சிப்பு எங்கடி போவும்?"

அம்பத்தூரில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள், ஒரே கம்பெனி யூனிஃபார்ம். கேட்டவள் சர்க்யூட் போர்டு சாலிடர் பண்ணுகிறவள். மற்றவள் அதை டெஸ்ட் பண்ணுகிறவள்.

"மூணரை வோல்ட்டுக்கு மேல ஏறவே இல்ல," என்றாள் டெஸ்ட் பண்ணுகிறவள். "ஸ்கோப் திரையில அலையோட தலை மொட்டையா நிக்குது. மூணு ஐசி மாத்திட்டேன்."

"பவர் சப்ளைய நீ பாக்கலியா?"

"காலையில வேற போர்டுக்காக அஞ்சுல வெச்சேன். மறுபடி பன்னெண்டுக்குத் திருப்பல."

"அஞ்சு குடுத்தா அது அஞ்சைக்கூட முழுசா தராது."

"பன்னெண்டு வெச்சதும் எட்டு அப்படியே வந்துச்சு. நீ மட்டும் வந்து பாக்கலேன்னா மொத்த போர்டையும் ரிஜெக்ட்ல போட்டிருப்பேன்."

டெஸ்ட் பண்ணுகிறவள் தோளில் பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"சாலிடரிங் சரியில்லன்னு ரிப்போர்ட்ல உன் பேரை எழுதி வெச்சிருந்தேன்டி."

"தெரியும். அதைப் படிச்சிட்டுத்தான் உன் சப்ளையப் பாத்தேன்."

"படிச்சிட்டுமா என்னைத் திட்டாம இருந்தே?"

"திட்டினா வோல்ட் ஏறுமா?"

ஆவடியில் என் எதிரே ஜன்னல் சீட் காலியானது. டெஸ்ட் பண்ணுகிறவள் பாய்ந்து போய் அதில் பையைப் போட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, மற்றவளை உட்கார வைத்தாள்.

வேப்பம்பட்டு வரை நின்றுகொண்டே போனாள்.