பின்னால் பொருத்திய வின்ச்

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே டயர் கடைக்கு ஓடுவது. பெரிய டயர் போட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டயர் பெரிதானால் வண்டியை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், பிறகு பிரேக் போதாது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று. அதனால் எதையும் தொடுவதற்கு முன், இந்த வண்டி எதற்கு என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் யோசித்தேன். நீங்கள் கேட்பதால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன். நான் அவசரக்காரன் இல்லை என்பது அப்போதுதான் புரியும்.

எங்கள் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். நில அளவை வேலையில் இருந்தவன் நான். பார்த்துப் பார்த்து வாங்கிய இடம். பின்னால் செங்குத்தான பாறை, முன்னால் ஓடை, ஓடையின் மேல் சிமெண்ட் குழாய்களை அடுக்கி மண் கொட்டிய ஒரு தரைப்பாலம். வேறு வழி கிடையாது. என் மனைவி பல் மருத்துவர். ஊருக்குள் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தாள். காலையில் தன் சிறிய காரில் பாலத்தைக் கடந்து போவாள், சாயங்காலம் யாராவது நோயாளி சொன்ன கதையோடு திரும்புவாள். வாயில் பஞ்சை வைத்த பிறகும் கதை சொல்கிற ஆட்கள் அவளிடம் மட்டும் எப்படித்தான் போய்ச் சேர்ந்தார்களோ. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கதைகள் எதிலும் நான் வந்ததில்லை.

ஒரு மழையில் பாலத்தின் ஓரச் சுவர் சரிந்தது. சாலைத் துறை ஆள் வந்து பார்த்தார். ஒரே ஒரு வீடுதானே, எங்களுக்கு அவசரமில்லை என்று நானே சொல்லி அனுப்பிவைத்தேன். காரின் அடிப்பாகம் கல்லில் உரசுகிறது என்று அதை விற்று ஜீப்பை வாங்கினேன். அவளைக் கிளினிக்கில் இறக்கிவிட்டு, வாசலில் காத்திருந்து, திரும்பக் கூட்டிவருவது என் வேலையாயிற்று.

“என் காரை வித்துட்டு எனக்கு ஒரு டிரைவரைக் குடுத்திருக்கீங்க,” என்றாள் ஒரு நாள். “அந்த டிரைவருக்கு என்மேல கோபம் வேற வருது. சம்பளமும் குடுக்கல, வேலைய விட்டு நிறுத்தவும் முடியல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

வண்டியை உயர்த்தியது அதற்குப் பிறகு. அவள் உயரம் குறைவு. மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சார், அம்மா ஏறி இறங்க ஒரு படி வெச்சிடலாமே, ரொம்ப சிரமப்படறாங்க,” என்றார். நல்ல மனிதர். படி வைத்தால் பாறையில் இடிக்கும் என்று விளக்கினேன். அது உண்மையும்கூட. அவள் சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டு ஏறப் பழகினாள். இறங்க வேண்டுமானால் நான் போய் முக்காலியை வைக்க வேண்டும். எனக்கு முதுகுவலி வந்த நாட்களில் கிளினிக் திறக்கவில்லை. முதுகுவலி அடிக்கடி வந்தது. கடைசியில் வேறொரு மருத்துவர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். இனி ஓய்வாக இருக்கலாமே என்றேன். அன்று அவள் கதை எதுவும் சொல்லவில்லை.

பிறகு என் மைத்துனி வந்தாள். அப்போது பாலம் பாதியாவது இருந்தது. தன் காரை அங்குலம் அங்குலமாக ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். கைகாரி. இறங்கியதும், “அத்தான், இது வீடா, தீவா?” என்றாள். பிற்பகலில் துணி காயப்போடும் இடத்தில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஜீப்புக்கு அடியில் படுத்து ஸ்பிரிங் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். அடியில் ஆள் இருப்பது வெளியே தெரியாது.

“எங்க மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. நீ வாயேன்க்கா.”

“வர்றேன். சொல்லிட்டு வரமுடியாது. ஒரு நாள் வந்து நிப்பேன்.”

அந்த வாரமே வின்ச் வாங்கினேன். வின்ச் என்றால், இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார். சேற்றில் மாட்டிக்கொண்டால் எதிரே ஒரு மரத்தில் கொக்கியை மாட்டி, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். எல்லோரும் அதை முன்னால்தான் பொருத்துவார்கள். நான் பின்னால் பொருத்தச் சொன்னேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “பின்னாடி மாட்டினா, வந்த பக்கமேதான சார் இழுக்கும்?”

“ஆமாம்.”

இன்னொன்றும் அவர் சொன்னார். ஓடையில் இறக்குவதாக இருந்தால், என்ஜின் காற்று இழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போய் நடுவிலேயே நின்றுவிடும். அந்தக் குழாய் அவரிடமே இருந்தது. வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக ஓட்டுநர் இருக்கைக்கு, பந்தயக்காரர்கள் போடுவதுபோல இரண்டு தோளுக்கும் வரும் பெல்ட் வைத்துக்கொண்டேன். அதன் பூட்டு சற்று இறுக்கம். எனக்குப் பழகிவிட்டது.

வின்ச்சைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. பாலத்துக் குழாய்களில் கொக்கியை மாட்டி ஒவ்வொன்றாக இழுத்தேன். நீங்கள் உங்கள் அறிக்கையில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகு மைத்துனி எதிர்க்கரையில் வந்து நின்று ஹாரன் அடிப்பாள். அக்காவுக்குக் காய்ச்சல், தூங்குகிறாள் என்று இந்தக் கரையிலிருந்து கத்திச் சொல்வேன். உள்ளே அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பதிலுக்குக் குரல் கொடுக்க மாட்டாள். கொடுத்தால் நான் பல நாள் பேசமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

அன்று காலை நான் கொல்லைப்புறம் இருந்தபோது என்ஜின் சத்தம் கேட்டது. ஓடவில்லை, நடந்துதான் போனேன். மலையில் மழை பெய்திருந்ததால் ஓடை கலங்கி வந்துகொண்டிருந்தது. ஜீப் நடு ஓடையில் நின்றிருந்தது. அவள் பெல்ட்டை முறையாகப் போட்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடி.

“பூட்டு கழல மாட்டேங்குது,” என்றாள். “கயித்த மாட்டி இழுங்க.”

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வண்டியின் பின்னாலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு வந்து எங்கள் கரை மரத்தில் கொக்கியை மாட்டினேன். வின்ச்சை இயக்கும் ரிமோட் என் சட்டைப் பையில் இருந்தது. இவ்வளவும் செய்தேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

“எங்க கிளம்பினே?” என்று கேட்டேன்.

“முதல்ல இழுங்க. அப்புறம் பேசலாம்.”

“பேசிட்டு இழுக்கறேன்.”

பின்கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். “தங்கச்சி வீட்டுக்கு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல. இனிமே போகல. சத்தியமாப் போகல. இழுங்க.”

அந்தக் குரலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. உண்மையாகச் சொல், இழுக்கிறேன் என்றேன். மறுபடி அதையேதான் சொன்னாள். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அதற்குப் பிறகு பொத்தானை அழுத்தினேன். வின்ச் நன்றாகவே வேலை செய்தது.

ஏன் இழுக்கவில்லை என்று மைத்துனி உங்கள் முன்னால் கத்தினாள். இழுத்தேன். அதை யாரும் குறிப்பிடுவதே இல்லை. பெல்ட்டையும் நான்தான் கழற்றினேன், வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்.

வண்டிச் சாவி அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டீர்கள். அவள் திருடவில்லை. எப்போதும் என் இடுப்பில் இருப்பதுதான். அன்று விடிந்ததும், மலைப்பக்கம் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, நானே எடுத்து வாசல் ஆணியில் மாட்டினேன். அவளும் படித்தவள், சம்பாதித்தவள். ஒருத்தியைப் பூட்டி வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிற ஆள் இல்லை நான்.