வலது பக்கத்துச் சத்தம்

மனைவி: ...சிரிக்காதீங்கன்னு மேடம் சொல்றாங்கல்ல? தலையில கட்டின பட்டை நழுவுது பாருங்க.

மெக்கானிக்: நானா சிரிக்கிறேன்? நீதான் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிற.

மனைவி: பின்ன... பந்து விளையாடப் போற மாதிரி இருக்கீங்க!

மேடம்: ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க. சார், இந்தக் குட்டி மிஷின் காதுக்குப் பின்னாடி எலும்புல அழுத்தமா உட்காரணும். ம்... இப்ப சரி. இன்னும் ஆன் பண்ணல.

மெக்கானிக்: மேடம், இன்னொரு தடவை சொல்லிடுறேன். இந்தக் காது பொறக்கும்போதே மூடிக்கிட்டு வந்தது. துவாரமே கிடையாது. மடல்னு இருக்கிறது பட்டாணி அளவு சதை. சுவத்துல போய்க் கதவைத் தட்டுறீங்க.

மேடம்: கதவு இல்லதான். ஆனா உள்ள ஆள் இருக்காங்களே! உங்க உள்காது நல்லா இருக்கு சார். காத்து வழியா வர்ற சத்தத்துக்குத்தான் பாதை இல்ல. இது எலும்பை அதிர வச்சு உள்ள அனுப்பும்.

மெக்கானிக்: அட... அதானா! லிஃப்ட் மோட்டார்ல பேரிங் போச்சான்னு பார்க்க, ஸ்க்ரூ டிரைவர் நுனியை மோட்டார்ல வச்சு, பிடியை இந்த எலும்புல அழுத்துவேன். கரகரன்னு கேட்கும். மூடின பக்கம் எப்படிடா கேட்குதுன்னு...

மேடம்: அதே பாதைதான் சார்.

மனைவி: இத்தனை வருஷத்துல என்கிட்ட சொன்னதே இல்லையே!

மெக்கானிக்: மோட்டார் கதை உனக்கெதுக்குன்னு...

மேடம்: நல்ல காதை அடைச்சுட்டேன். ஆன் பண்றேன். நீங்க அந்தப் பக்கம் போய் மெதுவா ஏதாவது பேசுங்கம்மா.

மனைவி: என்னத்தைப் பேச? ம்... ஏங்க. உங்க வலது பக்கம் நிக்கிறேன். ஏங்க? மேடம், கேட்கல போலிருக்கு. முகமே ஒரு மாதிரி...

மெக்கானிக்: இரு. பேசாத. இல்ல, இல்ல... பேசு. பேசிக்கிட்டே இரு.

மனைவி: என்னங்க ஆச்சு?

மெக்கானிக்: அங்க ஒரு பக்கம் இருக்கு... பொறந்ததுலேர்ந்து அங்க ஒண்ணுமே கிடையாது மேடம். உலகம் அதோட முடிஞ்சுபோன மாதிரி இருக்கும். இப்ப இவ அங்க நிக்கிறா. வளையல் உரசுது... அது என்ன, டிக் டிக்னு?

மேடம்: சுவர்க் கடிகாரம்.

மெக்கானிக்: கடிகாரமா! அம்மாடி... யாரும் கேட்கலன்னாலும் அதுபாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்திருக்கு.

மனைவி: கண்ணைத் துடைங்க.

மெக்கானிக்: நீ முதல்ல துடை... மேடம், இந்தப் பட்டையை விட்டா வேற என்ன வழி இருக்கு?

மேடம்: சின்ன ஆபரேஷன் பண்ணி எலும்புலயே பொருத்தலாம். துவாரம் போட்டுத் திறக்கலாம், ஆனா அது ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். எல்லாருக்கும் ஒத்து வராது, சில பேருக்குத் திரும்ப மூடிக்கும். மடல் வேணும்னா விலாவுல குருத்தெலும்பு எடுத்துச் செஞ்சு வைப்பாங்க. அது பார்வைக்குத்தான், அதால கேட்காது.

மெக்கானிக்: சின்னக் குழந்தையா இருந்தா?

மேடம்: யாருக்கு சார்?

மெக்கானிக்: சும்மா... பொதுவா கேட்கிறேன்.

மேடம்: கைக்குழந்தைக்கே இந்தப் பட்டையைக் கட்டலாம். ஆபரேஷன் எல்லாம் பெரும்பாலும் அஞ்சு வயசுக்கு மேல, மண்டையோடு கெட்டியானப்புறம்.

மெக்கானிக்: ரெண்டு காதும் மூடியிருந்தா?

மேடம்: அப்ப தள்ளிப்போடவே கூடாது. காதுல விழுந்தாத்தானே பேச்சு வரும்?

மெக்கானிக்: அப்பனுக்கு இருந்தா பிள்ளைக்கும்...

மேடம்: பெரும்பாலும் வராது. சில குடும்பத்துல வரலாம். பொறந்ததுமே டெஸ்ட் பண்ணிடலாம், பயப்பட ஒண்ணுமில்ல. உட்கார்ந்திருங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு வர்றேன்.

மனைவி: ...என்னங்க இது, கேள்வி மேல கேள்வி? வந்தது உங்க காதுக்கு.

மெக்கானிக்: தெரிஞ்சு வச்சுக்கலாம்னுதான்.

மனைவி: ஒரு காது போதும்னு வீம்பு பிடிச்ச ஆளு. அத்தை கெஞ்சினாங்க, வரல. நான் தலைகீழா நின்னேன், அசையல. திடீர்னு நீங்களா ‘கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்’ங்கிறீங்க. எந்தச் சாமி வந்து சொல்லுச்சு?

மெக்கானிக்: நீதான் சொன்ன.

மனைவி: நானா? எப்ப?

மெக்கானிக்: ஞாயித்துக்கிழமை மத்தியானம். நல்ல காதைத் தலையணையில புதைச்சுப் படுத்திருந்தேன்.

மனைவி: ஐயோ... தூங்கிட்டுல்ல இருந்தீங்க? முழிச்சிருந்தாலும் அந்தப் பக்கம் காது கேட்காதுன்னுதானே நான்...

மெக்கானிக்: தாடையை என் மண்டையில வச்சு அழுத்திக்கிட்டே சொன்னா, எலும்பு வழியா கேட்காதா? ‘ரெண்டு கோடு வந்துடுச்சுங்க. சந்தோஷமா இருக்கு. உங்கள மாதிரியே காது மூடிப் பொறந்துடுமோன்னு பயமாவும் இருக்கு, அதான் சொல்ல வாய் வரல’ன்னு... ஒரு எழுத்து சிந்தாம உள்ள வந்துடுச்சுடி. நம்ம பிள்ளைக்கு வழி கேட்கத்தான் வந்தேன்.