கட்டைவிரல் போகும் இடம்

என் தங்கை போனை ஒரு கையால்தான் பிடிப்பாள். இன்னொரு கையில் எப்போதும் தின்ன ஏதாவது இருக்கும். அதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்யாத ஆள் எங்கள் வீட்டில் இல்லை. நான் மட்டும் கிண்டலோடு நிறுத்தாமல், உட்கார்ந்து கவனித்தேன். என் வேலை அப்படி.

கல்லூரிப் பிள்ளைகள் பங்கு வாங்கி விற்க ஒரு ஆப். அதன் திரைகளை வடிவமைத்தவன் நான். வெளியிடும் முன் யாரிடமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். ஊராரைக் கெஞ்சுவானேன் என்று தங்கையையே சோபாவில் உட்கார வைத்தேன். விளையாட்டுப் பணம்தான். வேண்டுமென்றே விலையைச் சரித்துவிட்டு அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வந்தால் அவள் எதையும் படிப்பதில்லை. கட்டைவிரல் நேராக வலது கீழ் மூலைக்குப் போய்விடும். அங்கேதான் ‘விற்க’ பொத்தான் இருந்தது.

“பாத்தியாண்ணா, கண்ண மூடிக்கிட்டே வித்துடுவேன்” என்று பீற்றிக்கொண்டாள்.

பிறகு வேறு பலரிடமும் கொடுத்துப் பார்த்தோம். எல்லா விரலும் அங்கேதான் போனது.

எங்கள் மேலாளருக்கு ஒரே கவலை. விலை சரிந்தால் பிள்ளைகள் விற்றுவிட்டு ஓடுகிறார்கள், ஓடியவர்கள் திரும்புவதில்லை, ஏதாவது செய் என்றார். நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விலை சரியும் நாட்களில் மட்டும் அந்த மூலைக்கு ‘வாங்க’ பொத்தான் வந்துவிடும். ‘விற்க’ மேலே, சின்ன எழுத்தில் போய்விடும். உறுதிதானா என்று கேட்கும் திரையையும் எடுத்துவிட்டேன். படித்துப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெளிவாகவே இருந்தது.

தங்கை நர்சிங் படிக்கச் சேர்த்த பணத்தில் பாதிக்குப் பங்கு வாங்கியிருந்தாள். மீதி ஆப்பிலேயே கிடந்தது. ‘எங்கண்ணன் பண்ணின ஆப்’ என்று தோழிகளையும் இழுத்துவிட்டிருந்தாள். சந்தை சரிந்த அன்று மதியம் போன் செய்தாள்.

“அண்ணா, விக்கத்தான் அமுக்கினேன். மிச்சம் இருந்ததுக்கும் வாங்கிடுச்சு. பட்டன எங்கயாவது மாத்தினியா?”

“நீதான் பதட்டத்துல தப்பா அமுக்கியிருப்ப. எதையும் பாத்து செய்யணும் பாப்பா.”

தேம்பித் தேம்பி அழுதாள். என் பெயரைக் கெடுத்துவிட்டதாக என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பங்கு அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. கல்லூரியில் அவளுக்கு ஒதுக்கிய இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது.

பிறகு ஒரு நாள் நான் குளிக்கப் போயிருந்தபோது என் போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்திருக்கிறாள். அன்றும் விலை சரிந்துகொண்டிருந்தது. என் போனில் மட்டும் ‘விற்க’ பழைய மூலையிலேயே இருந்தது. மறுநாளே விசாரணை அதிகாரியான உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், அலுவலகத்தில் எங்கள் எல்லோர் போனுக்கும் பழைய திரையைத்தான் விட்டுவைத்தோம். எங்களுக்கும் பதட்டம் வருமே. வீட்டாருக்கும் பழைய திரையே இருக்கட்டும் என்று அவர்கள் எண்களையும் கொடுக்கச் சொன்னார்கள். நான் தங்கையின் எண்ணைக் கொடுக்கவில்லை. அவள் விரலைப் பார்த்துச் செய்த திரை. பலிக்கிறதா என்று அவளிடம் பார்க்காமல் வேறு யாரிடம் பார்ப்பது? சந்தை சரிந்த அன்று அலுவலகத்தில் அவள் கணக்கைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவள் அழைப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

இதில் மறைக்க ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கூடப்பிறந்தவனின் போனை அவனுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்க்க அவளுக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.