கரைமொழி

தேநீரில் சீனி சரியாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. அவசரமில்லாமல், ஆறுதலாகவே சொல்கிறேன்.

நான் எழுதியதன் பெயர் கரைமொழி. அது ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, கணினி நிரல்களின் தொகுப்பு. யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்ளலாம். வானிலைத் தகவல்களைக் கடற்றொழிலாளருக்கு விளங்கும் தமிழில் குறுஞ்செய்தியாக்கித் தரும். யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து தனியாளாகத் திரும்பி வந்து, தறப்பாள் விரிப்பால் கூரை போட்ட கொட்டிலுக்குள் இருந்து எழுதியது. அதைவிட எனக்கென்று வேறொன்றும் இருக்கவில்லை.

இந்தக் கரை முழுவதற்கும் புயல் எச்சரிக்கை அனுப்பும் பெரிய திட்டமொன்று அதைப் பயன்படுத்தியது. வேறு யாரும் அதை எடுக்கவில்லை. ஊரில் எவருடைய போன் ஒலித்தாலும், என் வசனம்தான் என்று நிமிர்ந்து பார்ப்பேன்.

பிறகு திட்டப் பொறுப்பாளர் அன்ரோனெற் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்.

"குறை நினைக்காதேங்கோ, யசோதரன். நாங்கள் வேற லைப்ரரிக்கு மாறப் போறம். புதுசு தமிழ், சிங்களம், இங்கிலிஷ் எண்டு மூண்டு மொழியிலயும் அனுப்பும். உங்கடதில ஒரு பிழையும் இல்லை."

"ஓம், விளங்குது" என்றேன். பிறகு கெஞ்சினேன். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அவர்களுடைய சேர்வருக்குள் போக எனக்குத் தந்திருந்த கடவுச்சொல்லை மாற்ற மறந்துவிட்டார்கள். அதால் உள்ளே போய், புதிய லைப்ரரி எச்சரிக்கை எதையும் வெளியே விடாதபடி செய்துவைத்தேன். அது ஒரு தரம் பிழைவிட்டால் என்னிடம் திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன். கடும் காற்று வருவது எனக்குத் தெரியும். போன்கள் ஒலிக்கவில்லை.

பக்கத்து வளவுச் செபமாலை அண்ணை கடலுக்குப் போகும் வழியில் வேலியடியில் நின்றார். என் கொட்டிலுக்குக் கால் நட்டுத் தந்தவர்.

"தம்பி, போனுக்கு ஒண்டும் வரேல்லை. காத்து ஒரு மாதிரிக் கிடக்கு. போகலாமோ?"

நான் வேண்டாம் என்றிருந்தால் மற்றவர்களுக்கும் சொல்லியிருப்பார். ஒருவரும் போயிருக்கமாட்டார்கள். புதியது பிழைவிட்டதை யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள்.

"வரேல்லையெண்டா ஒண்டுமில்லை, அண்ணை. போயிட்டு வாங்கோ."

அவரும் மருமகனும் போனார்கள். முதலில் படகு கரையொதுங்கியது. உடல்கள் பிறகு.

செத்தவீட்டில் அன்ரோனெற் என் கையைப் பிடித்து அழுதார். கரைமொழியைத் திரும்பப் பொருத்தித் தரச் சொன்னார். அன்றே பொருத்தினேன். அதன் பிறகு ஓர் எச்சரிக்கைகூடத் தவறவில்லை. நீங்கள் யாரிடமும் விசாரிக்கலாம்.

என்னை உள்ளே போட்டால் அதை யார் பார்ப்பது, ஐயா? கடலுக்குப் போகிற சனத்தையும் கொஞ்சம் யோசியுங்கள்.