நிறுத்திவிட்டுப் பேசுங்கள்

காது கேளாதோருக்கான கார் பயிற்சி வகுப்பின் தொடக்க விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் படப்பை வணிகர் சங்கத் தலைவர், பண்பின் பெருந்தகை ஐயா விஜயராகவன் அவர்களே! வேலை முடித்த சீருடையோடு விரைந்து வந்திருக்கும் சகோதரர்களே! முன்வரிசையில் முந்தானை முனையை முறுக்கியபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என் சொற்களைப் பத்து விரல்களில் வாங்கிப் பார்வையாளர்களுக்குப் படையலிடும் சைகை மொழிபெயர்ப்பாளர் ஐஸ்வர்யா அவர்களே! கண்களால் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் பதினொரு புதிய மாணவச் செல்வங்களே! டிரைவிங் ஸ்கூல் லீலாவின் தலைதாழ்ந்த வணக்கம்.

பேசத் தொடங்குமுன் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன். அப்பாடா!

சிரிக்காதீர்கள் அம்மா. மூன்று மாதம் என் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்ற மூச்சு அது. யாரால் நின்றது? எப்படி விட்டது? அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

பதினாறு ஆண்டுகளாக இதே படப்பையில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறேன். ஒரு நாள் குன்றத்தூரிலிருந்து காமாட்சியம்மாள் வந்தார். கூடவே மகள் கவிப்பிரியா. பிறவியிலேயே காது கேளாத பெண். ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகளாக வயர் பொருத்துகிறாள். ஆயிரம் கார்களுக்கு ஹாரன் வயர் மாட்டிய கைகள். ஒரு காரின் ஸ்டியரிங்கையும் பிடித்தறியாத கைகள்! அவள் வேலை செய்த லைனுக்கு இயந்திரம் வரப்போகிறது. மூன்று மாதத்துக்குள் லைசன்ஸ் எடுத்தால், தயாரான கார்களை நிறுத்திவைக்கும் யார்டுக்கு ஓட்டிச்செல்லும் வேலை, எடுக்காவிட்டால் வீடு. இதுதான் நிர்வாகத்தின் முடிவு.

காமாட்சியம்மாள் என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னார்: “நாலு ஸ்கூல்ல முடியாதுன்ட்டாங்கம்மா. நீயும் முடியாதுன்னு சொல்லிடு. அப்பதான் அடங்குவா. எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான்.”

நானும் சொன்னேன். அவையறிய ஒப்புக்கொள்கிறேன், நானும் சொன்னேன். “பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சா இன்னாம்மா பண்ணுவே?” என்று கேட்டேன். என் உதட்டைப் படித்தவள், போனில் எழுதி நீட்டினாள்: “கண்ணாடிய ஏத்திட்டு, பாட்டை அலறவிட்டுக்கினு போறவனுக்கு மட்டும் கேக்குதாக்கா?”

அவளைத் திருப்பி அனுப்பினேனா? இல்லை! மறுநாளே வகுப்பு தொடங்கியது.

ஐஸ்வர்யா, வேகமாகப் போகிறேனா? சரியம்மா, நிதானிக்கிறேன்.

நான்காம் நாள். சிங்கப்பெருமாள் கோவில் சாலை. முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி வளைகிறது. “லெஃப்ட்ல ஒதுங்கு!” என்று கத்தினேன். கத்தி என்ன பயன்? பதற்றத்தில் அவள் தோளைத் தட்டினேன். தட்டியதும் அவள் சாலையை விட்டுவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கார் லாரியின் பின்சக்கரத்தை நோக்கி நகர்ந்தது. என் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்தேன். நான்கு விரல் இடைவெளியில் நின்றது வண்டி!

ஓரமாக நிறுத்தி இருவரும் அழுதோம். “போதும் கண்ணு. இது நமக்கு வேணாம்” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழுதியதை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: “யாராவது தொட்டா திரும்பிப் பாக்கணும். பொறந்ததுலருந்து எனக்கு அதான் பழக்கம். ஓட்டும்போது என்கிட்ட பேசாதீங்க. நிறுத்திட்டுப் பேசுங்க. ஓடும்போது லைட்டு போதும்.”

எந்த லைட்டு என்று எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வயரும் மூன்று சிறு விளக்குகளுமாக வந்து நின்றாள். ஒரு மணி நேரத்தில் ஸ்டியரிங்குக்கு மேலே, பார்வை சாலையை விட்டு விலகாத இடத்தில் விளக்குகளைப் பொருத்தினாள். சுவிட்சுகளை என் பக்கம் வைத்தாள். மஞ்சள் என்றால் மெதுவாக. பச்சை என்றால் இடப்பக்கம் ஒதுங்கு. சிவப்பு என்றால் நில். மற்ற எல்லாப் பாடமும், வண்டியை நிறுத்திவைத்து, முகம் பார்த்து!

பாடம் மாறியது, பயம் மாறியது, பாதை தெளிந்தது. பதினாறு ஆண்டுகளாக ஓடும் வண்டியில் ஓயாமல் பேசி எத்தனை பிள்ளைகளைக் குழப்பியிருக்கிறேன் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு வந்தது தேர்வு. வெளியே நின்று அதிகாரி “ரிவர்ஸ்” என்று குரல் கொடுத்தார். அவளுக்கு எப்படித் தெரியும்? நேராகவே போனாள். தோல்வி! கெடுவுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. “நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்றார் காமாட்சியம்மாள். நானும் கவிப்பிரியாவும் இரவுச் சாப்பாட்டை மறந்து அட்டைகள் எழுதினோம். ஒவ்வோர் அட்டையிலும் பெரிய எழுத்தில் ஒரே ஒரு கட்டளை.

அடுத்த தேர்வில் அவற்றை அதிகாரியிடம் நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். “இத மொதல்லயே குடுத்திருக்கலாமேம்மா? அட்டைய நான் காட்றேன். ஓட்ட வேண்டியது அந்தப் பொண்ணு” என்றார். காட்டினார், ஓட்டினாள். எட்டுப் போட்டாள், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாள், பின்னோக்கி வந்து கோட்டுக்குள் நின்றாள். அவர் கட்டைவிரலை உயர்த்தியபோது நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது அவள் யார்டில் கார் ஓட்டுகிறாள். அவையோரே, இப்போது கேட்கிறேன். குறை அவள் காதிலா இருந்தது? வாயை மட்டுமே நம்பிய நம் வகுப்பில் இருந்தது! குரலை மட்டுமே நம்பிய நம் தேர்வில் இருந்தது! முயலுமுன் முடியாது என்ற நம் மனத்தில் இருந்தது! நாளை ஒரு பிள்ளை உங்கள் வாசலில் வந்து நின்றால், என் சக பயிற்றுநர்களே, “முடியாது” என்று சொல்லாதீர்கள், “எப்படிச் சொல்லித்தரட்டும்?” என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்!

தாய்மார்களே, உங்கள் கலக்கம் எனக்குத் தெரியும். உங்களுக்காகக் கடைசியாக ஒன்று. இன்று காலை குன்றத்தூரிலிருந்து இந்த மண்டபத்துக்கு, எங்கள் ஸ்கூல் காரில் தன் தாயை உட்காரவைத்து, கவிப்பிரியா தானே ஓட்டிவந்தாள். இறங்கிய காமாட்சியம்மாளிடம், “ரொம்ப பயந்துட்டீங்களாம்மா?” என்று கேட்டேன். அவர் வெட்கத்தோடு சொன்னார்:

“சோமங்கலம் வரைக்கும் சாமி பேரச் சொல்லிக்கினு வந்தேன். அப்புறம் தெரியலம்மா. தூங்கிட்டேன்.”

அந்தத் தூக்கத்தைத் தந்த மகளுக்கும், அட்டையைக் கையில் வாங்கிய அதிகாரிக்கும், பொறுமையோடு என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வகுப்பு. பதினொரு பேரும் வந்துவிடுங்கள். வணக்கம்!