லாசர் வெயில்

முந்தி முந்தி ஒரு காலத்துல, நம்ம கரைக்குக் கரண்டு வராத காலம்னு வச்சுக்கிடுங்க மக்கா, இந்தச் சங்கனாந்துறையில லாசர்னு ஒருத்தர் இருந்தாராம். வலை வீசுற கை. அந்தக் கையால பந்து எறிஞ்சா, கை சுத்துனது தெரியும், குச்சி விழுந்தது தெரியும், நடுவுல பந்தைக் கண்டவன் கிடையாதாம். கடைப் பந்துன்னா நினைச்சீக? பிஞ்ச வலைநூலை இறுக்கிச் சுத்தித் தார்ல முக்குனது. கல்லுதான் அது.

வருசா வருசம் கோயில் கொடியேத்தத்தன்னைக்கு நமக்கும் பக்கத்து ஊரு கீழமணலுக்கும் கடற்கரையில மட்டைப்பந்து ஆட்டம். லாசர் பனங்காட்டுப் பக்கம் நின்னு கடலைப் பார்த்து எறிவாராம். ஜெயிச்சோம், ஜெயிச்சோம், ஜெயிச்சுக்கிட்டே இருந்தோம்.

ஒரு வருசம் பொழுது சாயுற நேரம். கீழமணல் வியாகுலம் மட்டை பிடிச்சு நிக்கான். லாசருக்குப் பின்னால பனைத்தலையில வெயிலு.

"ஏல, கண்ணு கூசுது. கொஞ்சம் பொறு"ங்கான்.

நம்மாளுக விடுவாகளா? "சாக்கு சொல்லுதான், எறிங்கண்ணே!"

எறிஞ்சிட்டாரு. வியாகுலத்துக்கு ஒரு கண்ணு போச்சு.

ஆட்டத்துல நடக்குறதுதானேன்னு எல்லாரும் சொன்னாகளாம். வியாகுலமே சொன்னானாம். லாசர் ஒத்துக்கிடல. "அவன் பொறுன்னான். என் காதுல நல்லா விழுந்துச்சு"ன்னு பந்தைக் கீழ போட்டவருதான்.

அப்புறம் என்ன? தோத்தோம், தோத்தோம், தோத்துக்கிட்டே இருந்தோம். ஊரே போய்க் கெஞ்சி ஒரு கொடியேத்தத்துக்கு அவரை இழுத்துட்டு வந்துருச்சு. வந்தவரு மளமளன்னு குச்சியைச் சாய்க்காரு. கீழமணலுக்குக் கடைசி ஆளு பாக்கி. அவன் விழுந்தா நமக்கு ஜெயிப்பு, ஒரு நல்ல அடி அடிச்சிட்டான்னா அவுகளுக்கு. வந்தது யாருன்னு நினைக்கீக? வியாகுலம்! ஒத்தக் கண்ணோட. பனைத்தலையில அதே வெயிலு.

லாசர் பந்தை எடுத்தாரு. அவனைப் பார்த்தாரு. அப்படியே மணல்ல உக்காந்துட்டாரு.

"எறிங்கண்ணே! இப்ப எறிஞ்சா நாமதான்!"

"வெயிலு இறங்கட்டும்."

வைஞ்சு பார்த்தாக, கும்பிட்டுப் பார்த்தாக. மனுசன் அசையல. வெயிலு பனைக்குக் கீழ போன பொறவு வியாகுலம் கத்துனானாம்: "இப்ப எனக்குத் தெரியுதுல லாசரு! பாவம் பார்த்து மெல்ல எறிஞ்சேன்னா உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

லாசர் எழுந்திருச்சு, உடம்புல இருந்த பலத்தையெல்லாம் கூட்டி எறிஞ்சாரு. வியாகுலம் அடிச்சான் பாருங்க, பந்து லாசர் தலைக்கு மேல போய்ப் பனங்காட்டுக்குள்ள விழுந்துச்சு.

தோத்தோம்யா. ஊரு அவரை ஏசுன ஏச்சு கொஞ்சமில்ல. எங்க ஐயா அந்த வருசம் பூரா அவரோட பேசலையாம். எனக்கு இப்ப நினைச்சாலும் வெக்கமா இருக்கு. ஆனா வியாகுலம் மட்டும் அன்னைக்கு லாசர் வீட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போனானாம்.

அதனாலதான் மக்கா, வெயிலு பனைத்தலைக்கு வந்துட்டா, நம்ம கரையில எறியுறவன் பந்தை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருவான். மட்டை பிடிச்சவன் "தெரியுது"ன்னு சொன்னாத்தான் எழுந்திருப்பான். அந்த நேரத்துக்கு லாசர் வெயில்னு பேரு. பேரு வச்சது நாம இல்ல, கீழமணல்காரன்.