கட்அவுட் நிழல்

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குப் போவதில் ஒரு வசதி இருக்கிறது சார். படம் விட்டு வெளியே வரும்போது டீக்கடையில் கூட்டம் இருக்காது. பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து, பார்த்த படத்தை நிம்மதியாகப் பேசித் தீர்க்கலாம். திருவொற்றியூரில் நாங்கள் மூன்று பேர் அப்படித்தான் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

என் பெயர் சுயம்பு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி, தகடு விற்கிறேன். அப்பா தெற்கேயிருந்து வந்து போட்ட கடை. எங்கள் நடிகரின் ரசிகர் மன்றத்துக்கு இந்தப் பகுதியில் நான்தான் செயலாளர். கோதண்டம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், செங்கொடிச் சங்கத்துக்காரர். பீம்ராவ் வியாசர்பாடி. மணலியில் டேங்கர் லாரி அனுப்புகிற ஓர் ஆபீசில் சூப்பர்வைசராக இருந்தான். வீட்டில் புத்தர் படம், வாசலில் நீலக்கொடி. ஆளுக்கொரு கட்சி. ஆனால் புதுப்படம் வந்தால் மூன்று பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்.

எங்கள் நடிகர் அரசியலுக்கு வருவாரா மாட்டாரா, கேபிள் டிவியில் புதுப்படம் போடுகிறவனை என்ன செய்யலாம், எந்த நடிகை எந்தப் பேட்டியில் யாரைக் குத்திப் பேசினாள், எல்லாம் அந்த பெஞ்சில்தான். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவன் கூலிக்காரன் வேஷம் போட்டால் ஏன் கைதட்டுகிறோம் என்று கோதண்டம் கேட்பார். பீம்ராவ் அப்படி ஒரேயடியாகத் தாக்கமாட்டான். "வில்லன் கூட நிக்கிறவன்லாம் நம்ம பாஷை பேசறான். ஈரோ இன்னாத்துக்கு மாமு பேச மாட்றான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்வார்கள். நான் பேச ஆரம்பித்ததும் பேப்பரை மறுபடி பிரிப்பார்கள். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொண்டதில்லை. டீக்கு எப்போதும் நான்தான் காசு கொடுப்பேன். அதையும் சொல்லிக் காட்டியதில்லை.

இந்தப் பொங்கலுக்கு வந்த படம்தான் தகராறு. அதில் குடிசைப் பகுதி ஆள் ஒருவன் வருவான். வில்லனுக்கு அடியாள். துரத்தலில் சாக்கடைக்குள் விழுந்து செத்துப்போவான். எங்கள் நடிகர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வசனம் சொல்வார். தியேட்டரே குலுங்கியது.

அன்றைக்கு பீம்ராவ் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் ஆறவிட்டான். என்னப்பா என்று நான்தான் கேட்டேன்.

"அந்த ஆளு சாக்கடைல வுயுந்து சாவுறான். நீ சிரிச்ச மாமு. நான் உன் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன்."

"எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"எல்லாரும் என் தோஸ்து இல்ல. நீ தோஸ்து. நான் அப்டி வுயுந்து செத்தாலும் சிரிப்பியான்னு யோசிச்சிகினே மீதிப் படத்தப் பாத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவன் வருத்தமாகச் சொன்னான். என்னிடம் கம்பி வாங்குகிறவர்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவரும் எனக்காகப் பேசவில்லை. கோதண்டம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீம்ராவ் என்னைப் பார்த்துப் பாவப்பட்டான் சார். எங்கள் இரண்டு பேரில், பார்த்தவர்கள் பரிதாபப்படவேண்டிய இடத்தில் இருந்தவன் நான் இல்லை. அதை அவன் புரிந்துகொண்டிருக்கலாம்.

பிறகு அந்தக் காட்சியை எடுக்கச் சொல்லி ஒரு நோட்டீஸ் அடித்தான். தியேட்டர் வாசலில் மன்றம் விழா எடுக்கிற நாளில் நின்று கொடுக்கப்போவதாகச் சொன்னான். அன்றைக்குத்தான் பேப்பர்காரர்கள் வருவார்கள் என்று கணக்கு. கோதண்டம் வேண்டாம் என்றார். "பசங்க பேஜாரு பண்ணுவானுங்க. கோர்ட்டுக்குப் போ பீமா."

நான்தான் தைரியம் சொன்னேன். நான் செயலாளர், என் பையன்கள் உன்மேல் கை வைப்பார்களா என்றேன். மன்றத்துப் பையன்களைக் கூப்பிட்டு அவன் எதிரிலேயே, இவர் என் சிநேகிதர், வார்த்தை தடிக்கக்கூடாது என்று எச்சரித்தேன். அவர்களும் விழா அன்றைக்கு அப்படியே நடந்துகொண்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் பிடித்து வைத்திருக்கிற பையன்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் கட்அவுட்டுக்குப் பால் ஊற்ற வந்தவர்கள்.

கட்அவுட் காற்றில் சாய்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். எண்ணூர்ப் பக்கமிருந்து அடிக்கிற காற்று எனக்குத் தெரியாததில்லை. எத்தனையோ கட்அவுட் நான் நின்று கட்டவைத்திருக்கிறேன். சவுக்கு மரம், பின்னால் இரண்டு இழுப்புக் கம்பி. கம்பி என் கடையிலிருந்து போவது. ஒன்றும் சாய்ந்ததில்லை. இந்த முறை முகப்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கட்டச் சொன்னேன். ரோட்டில் வருகிறவனுக்கு முகம் நன்றாகத் தெரியும் என்று காரணம் சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. காலை வெயில் கடல் பக்கமிருந்து ஏறும். கட்அவுட்டின் நிழல் ரோட்டுப் பக்கம் விழும்.

பீம்ராவ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வேர்த்திருந்தது. நிழலில் நில்லு, வெயில்ல ஏன் காயறே என்றேன். எங்கே என்று கேட்டான். இடத்தைக் காட்டினேன். போய் நின்றான். நோட்டீஸை எல்லாருக்கும் கும்பிட்டுத்தான் கொடுத்தான். ஒரு பையன்கூட வாங்கிக்கொண்டான்.

ஒரு கம்பியை விடிந்ததும் சரிபார்க்கப் போனபோதே கழற்றிவிட்டேன். காற்று இல்லாதபோது ஒரு கம்பியே தாங்கும். மேளம் ஆரம்பித்ததும் எல்லாரும் மேளக்காரர்கள் பக்கம் ஓடினார்கள். நான் கட்அவுட்டின் பின்பக்கம் போனேன். கட்டிங் பிளேயர் எப்போதும் என் பையில் இருப்பது. அதற்காக எடுத்துப்போனது இல்லை.

பூக்காரப் பட்டம்மாளைப் பற்றிக் கேட்டீர்கள். வழக்கமாக அந்த அம்மா டிக்கெட் கவுண்டர் பக்கம்தான் உட்காரும். அன்றைக்கு நிழல் பார்த்துக் கூடையோடு இங்கே வந்துவிட்டது. சவுக்கு மரங்களின் இடுக்கில் எனக்குத் தெரிந்தது. மாலை கட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், எழுந்து போகவில்லை. மேளம் நிற்கிற மாதிரி இருந்தது. நானும் எத்தனை நேரம் நிற்பது.

பயமுறுத்தத்தான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்று வரும் வழியில் யோசித்தேன். நாற்பதடி மரமும் பலகையும் தலையில் விழுந்தால் பயம் மட்டும் வராது என்பது உங்களுக்கும் தெரியும்.

சத்தம் அடங்கியதும் முதலில் ஓடியது நான்தான். பட்டம்மாளும் அடியில் கிடந்தது. பலகையைத் தூக்கியது, பீம்ராவை ஆட்டோவில் ஏற்றியது, எல்லாம் நான். என் மடியில்தான் போனான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சிரிக்கவில்லை. என்னைப் பற்றி அவன் சொன்னது எவ்வளவு தப்பு என்று அப்போதே தெரிந்தது. ஆனால் கேட்க அவன் இல்லை.

வியாசர்பாடியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். சிநேகிதன் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நான் பேசும்போது ஒருவரும் பேப்பர் பிரிக்கவில்லை. பெண்கள் அழுதார்கள். என் பேச்சுக்கு அப்படிக் கூட்டம் கட்டுண்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்கள் நடிகர் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார். அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். இப்போது டீக்கடையில் எல்லாரும் பீம்ராவ் அன்றைக்கே சொன்னான் என்கிறார்கள். கோதண்டம்கூட, "நீயும் அவன் பக்கம் நின்னியே, அது போதும் சுயம்பு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எப்போது சார் அவன் பக்கம் நின்றேன்? அந்தப் படத்தில் தப்பில்லை. அது தமாஷ். தமாஷைத் தமாஷாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவனோடு இத்தனை வருஷம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் பெண்சாதி ரமாபாய் கொடுத்த மனுவில் என்னைத்தான் முதல் சாட்சியாகப் போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனது. "அன்னிக்கிக் காலைல நான் போவாதன்னேன் அண்ணே. சுயம்பு கீறான், இன்னா பயம்னு சொல்ட்டுப் போனாரு. நீங்க வந்து சொன்னாத்தான் போலீசு நம்பும்."

அதற்காகத்தான் வந்தேன். சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டீர்கள், சொல்லிவிட்டேன். கட்டியதும் நான், அறுத்ததும் நான். வேறு ஆள் இல்லை. கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள்.

ரமாபாய் வெளியே உட்கார்ந்திருப்பதாக ஏட்டு சொன்னார். எனக்கு நேரமாகும் என்று சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறதாம். நீங்கள் யாரும் போய் எதையும் சொல்லிவிடாதீர்கள். முரட்டுத்தனமாகச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்காரவைத்து நானே பொறுமையாகச் சொல்கிறேன். அண்ணன் என்று கூப்பிடுகிற பெண் சார். நான் சொன்னால் புரிந்துகொள்ளும்.